மஞ்சள் அம்பு காட்டும் வழி

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர்)

வெளிநாட்டுப் பயணம் என்றவுடன் விமானமும், பெரிய ஓட்டலும், வழிகாட்டியோடு சுற்றும் கூட்டமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் முதுகில் ஒரு பை, காலில் ஒரு ஜோடிக் காலணி, கையில் சிறிது பணம் இவற்றோடு மட்டும் புறப்பட்டு, முன்பின் தெரியாத நாட்டில் தனியே நடந்து செல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரவில் யார் இடம் கொடுப்பார்கள்? மொழி தெரியாத ஊரில் எந்தக் கதவைத் தட்டுவது? அதிலும் பெண்ணாக இருந்தால் என்ன செய்வது?

இக்கேள்விகளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விடை கூறி வரும் பாதை ஒன்று ஸ்பெயின் நாட்டில் உள்ளது. 'காமினோ தெ சந்தியாகோ' என்பது அதன் பெயர். 'சந்தியாகப்பர் பாதை' என்று நாம் சொல்லலாம். அதைப் பற்றியும், அதில் நடப்பவர்களுக்குக் கிடைக்கும் தங்குமிடங்களைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

சந்தியாகப்பரின் ஊர்

இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான புனித யாகப்பரையே நம் கடற்கரை ஊர்களில் சந்தியாகப்பர் என்று அன்போடு அழைக்கிறோம். நம் வகுப்பிலும் தாத்தாவின் பெயர் சந்தியாகு என்று சொல்லும் தோழியர் இருக்கிறார்கள் அல்லவா? போர்ச்சுகீசியர் வழியாக நமக்கு வந்த அப்பெயரும் ஸ்பெயின் நாட்டின் 'சந்தியாகோ' என்ற பெயரும் ஒன்றுதான்.

இப்புனிதர் ஏறக்குறைய கி.பி. 44-ஆம் ஆண்டு எருசலேமில் வேதசாட்சியாக மரித்தார். அவருடைய உடல் கடல் வழியாக ஸ்பெயினின் வடமேற்கு மூலைக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டது என்பது மரபு. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெயோதோமீர் என்னும் ஆயர் அக்கல்லறையைக் கண்டறிந்ததாகச் சொல்லப்படுகிறது. அவ்விடத்தில் எழுந்த ஆலயமும் ஊருமே இன்றைய சந்தியாகோ தெ கொம்போஸ்தேலா. அக்காலத்தில் ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் எருசலேம், ரோமாபுரி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இவ்வூருக்கே யாத்திரை சென்றார்கள்.

அவ்வூருக்குப் பல பாதைகள் செல்கின்றன. அவற்றுள் பெரும்பாலோர் நடப்பது 'பிரெஞ்சுப் பாதை'. பிரான்ஸ் நாட்டின் எல்லையோரம் உள்ள சான் ழான் பியே தெ போர் என்ற சிற்றூரில் தொடங்கி, பிரனீஸ் மலையைக் கடந்து, கோதுமை வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் ஊடுருவி, மழை மிகுந்த கலீசியா மாநிலத்தில் முடிகிறது. மொத்தத் தூரம் சுமார் 780 கிலோமீட்டர். முழுவதும் நடக்க ஐந்து வாரங்கள் வரை ஆகும்.

அன்றைய சத்திரங்கள்

பாதை மட்டும் இருந்தால் போதுமா? மலையில் பனி கொட்டும். காட்டில் ஓநாய் உண்டு. ஆற்றில் பாலம் இராது. ஆகவே அரசர்களும் ஆயர்களும் துறவிகளும் வழி நெடுகிலும் சத்திரங்களைக் கட்டினார்கள். 'ஒஸ்பித்தால்' என்பது அவற்றின் பெயர். இன்று நோயாளிகளுக்கான இடத்தைக் குறிக்கும் 'ஆஸ்பத்திரி' என்ற சொல், அன்று வழிப்போக்கர் அனைவரையும் ஏற்றுக்கொள்ளும் இல்லத்தைக் குறித்தது. படுக்கை, உணவு, கால் புண்ணுக்கு மருந்து மூன்றும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. வழியிலேயே இறந்தவர்களை அடக்கம் செய்வதும் அவர்கள் பொறுப்பாகவே இருந்தது.

இவ்வழக்கத்துக்கு வேர் எங்கே என்று பார்த்தால், ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குமுறையில் அது காணப்படுகிறது. அதன் 53-ஆம் அதிகாரம், மடத்துக்கு வரும் விருந்தினர் எவராயினும் அவரைக் கிறிஸ்துவாகவே எண்ணி ஏற்க வேண்டும் என்கிறது. ஏழைகளுக்கும் யாத்திரிகர்களுக்கும் தனிக் கவனம் காட்டவும் சொல்கிறது.

பதினோராம் நூற்றாண்டில் சாமிநாதர் என்றொரு முனிவர், மடத்தில் சேர முயன்று இடம் கிடைக்காமல், யாத்திரிகர்களுக்காகவே தம் வாழ்வை ஒப்படைத்தார். (நாம் நன்கறிந்த ஜெபமாலைச் சாமிநாதர் இவருக்குப் பிற்காலத்தவர்.) காட்டை வெட்டிச் சாலை போட்டார், ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினார், சத்திரமும் எழுப்பினார். அவர் இருந்த இடம் இன்று சாந்தோ தோமிங்கோ தெ லா கல்சாதா, அதாவது 'சாலையின் சாமிநாதர்' என்ற பெயரில் ஒரு நகரமாக விளங்குகிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் யாத்திரிகர்களுக்காக ஒரு வழிகாட்டி நூலும் எழுதப்பட்டது. எந்த ஆற்று நீரைக் குடிக்கலாம், எங்கே ஏமாற்றுவார்கள், எங்கே நல்ல ரொட்டி கிடைக்கும் என்றெல்லாம் அது கூறுகிறது. அந்நூல் அடங்கிய கையெழுத்துப் பிரதி சந்தியாகோ பேராலயத்தில் உள்ளது. 2011-ஆம் ஆண்டு அது திருட்டுப் போய், மறு ஆண்டு மீட்கப்பட்டது.

மறைந்த பாதை மீண்டது

கொள்ளைநோய், போர்கள், சமயப் பிளவு ஆகியவற்றால் பிற்காலத்தில் யாத்திரை தேய்ந்தது. 1589-இல் ஆங்கிலேயக் கடற்படைக்கு அஞ்சிப் புனிதரின் எலும்புகளை மறைத்து வைத்தார்கள். பிறகு மறைத்த இடமே மறந்து போயிற்று! 1879-இல் தோண்டிப் பார்த்தபோதுதான் அவை மீண்டும் கிடைத்தன. 1884-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் அவற்றை அங்கீகரித்தார். ஆயினும் பாதை முள் மண்டியே கிடந்தது.

அதை மீண்டும் திறந்தவர்களுள் முதன்மையானவர் ஓ செப்ரெய்ரோ என்ற மலைக் கிராமத்தின் பங்குத்தந்தை எலியாஸ் வாலிஞா. அவர் பழைய பாதையை ஆராய்ந்து நூல் எழுதியதோடு நிற்கவில்லை. 1984-ஆம் ஆண்டு மஞ்சள் வண்ணத்தைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு, பிரான்ஸ் எல்லை தொடங்கி மரம், பாறை, சுவர் எங்கும் அம்புக்குறி வரைந்துகொண்டே போனார். மலையில் காவலர்கள் சந்தேகப்பட்டு விசாரித்ததாகவும், ஒரு பெரிய படையெடுப்புக்கு ஏற்பாடு செய்துகொண்டிருப்பதாக அவர் பதில் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. 1989-இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

அவர் சொன்ன 'படை' உண்மையிலேயே வந்தது. யாத்திரையை முடித்தோருக்குப் பேராலயம் இலத்தீனில் ஒரு சான்றிதழ் வழங்குகிறது. 1985-இல் அதைப் பெற்றவர்கள் 700 பேருக்கும் குறைவு. 2024-இல் ஏறத்தாழ 5 லட்சம் பேர்! பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1982-இலும், உலக இளைஞர் தினத்துக்காக 1989-இலும் அங்கே சென்றதும், 1993-இல் இப்பாதையை யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் இதற்குத் துணை செய்தன.

இன்றைய தங்குமிடங்கள்

இவ்வளவு பேருக்கும் இடம் எப்படிக் கிடைக்கிறது? பழைய சத்திரத்தின் இடத்தில் இன்று 'அல்பெர்கே' உள்ளது. இது ஓட்டல் அன்று. நம் ஹாஸ்டல் போன்றது. ஒரு பெரிய அறை, அடுக்குக் கட்டில்கள், பொதுக் குளியலறை, பொதுச் சமையலறை, துணி துவைக்கும் தொட்டி, காய வைக்கும் கொடி, இவ்வளவே. இவை மூவகைப்படும்.

முதலாவது, ஊராட்சியோ மாநில அரசோ நடத்துவது. கட்டணம் சுமார் 10 யூரோ. பெரும்பாலும் முன்பதிவு கிடையாது. முதலில் வந்தவருக்கு முதலில் படுக்கை.

இரண்டாவது, பங்குக் கோவில்களும் துறவற சபைகளும் நடத்துவது. இவற்றுள் பலவற்றில் கட்டணமே இல்லை. வாசலில் காணிக்கைப் பெட்டி இருக்கும். கிரஞோன் என்ற ஊரில் கோவில் கோபுரத்தை ஒட்டிய அறையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். அங்குள்ள பெட்டி பூட்டப்படாதது. முடிந்ததைப் போடு, தேவையானால் எடுத்துக்கொள் என்பதே அதன் மேல் எழுதியிருப்பதன் பொருள். லெயோன் நகரில் ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியரின் மடமும், கரியோன் என்ற ஊரில் அகுஸ்தினார் சபைக் கன்னியரின் இல்லமும் யாத்திரிகரை வரவேற்பதில் பெயர் பெற்றவை. கரியோனில் அருட்சகோதரிகள் கிதார் வாசித்துப் பாட, ஒவ்வொரு யாத்திரிகரும் தாம் ஏன் நடக்கிறார் என்று சொல்வது வழக்கம்.

மூன்றாவது, தனியார் நடத்துவது. 15 முதல் 20 யூரோ வரை ஆகலாம், முன்பதிவு செய்துகொள்ளலாம்.

அல்பெர்கேயில் தங்க ஒரு தகுதி வேண்டும். அதுதான் 'க்ரெதென்சியால்' என்னும் யாத்திரிகர் கையேடு. ஒவ்வொரு ஊரிலும் கோவிலிலோ, தங்குமிடத்திலோ, தேநீர்க் கடையிலோ அதில் ஒரு முத்திரை குத்தித் தருவார்கள். நடந்து வருபவர் குறைந்தது 100 கிலோமீட்டராவது நடந்திருக்க வேண்டும். அத்தூரத்தில் நாளொன்றுக்கு இரண்டு முத்திரைகள் வேண்டும். அப்போதுதான் சான்றிதழ் கிடைக்கும்.

விதிகளும் உண்டு. உடல்நலம் இல்லாதவர் தவிர மற்றவர் ஓர் இரவுக்கு மேல் தங்கலாகாது. காலணிகளை வாசலருகே விட வேண்டும். இரவு 10 மணிக்கு விளக்கு அணையும். காலை 8 மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். நம் ஹாஸ்டல் தோழியருக்கு இது ஒன்றும் புதிதாகத் தோன்றாது!

இவ்விடங்கள் பலவற்றைக் கவனிப்பவர்கள் 'ஒஸ்பித்தலேரோ' எனப்படும் தொண்டர்கள். தாங்களும் ஒரு காலத்தில் நடந்தவர்கள். தங்கள் விடுமுறையில் இரண்டு வாரம் வந்து, சம்பளமின்றிக் கூட்டிப் பெருக்கி, சூப் காய்ச்சி, கொப்புளத்துக்குக் கட்டுப் போடுகிறார்கள். தான் பெற்ற வரவேற்பை அடுத்தவருக்குத் தருவதே அவர்கள் கணக்கு.

சித்தியின் ஆறு நாட்கள்

ஜெர்மனியில் செவிலியராகப் பணிபுரியும் என் சித்தி, இப்பாதையின் கடைசி 115 கிலோமீட்டரை, சாரியா என்ற ஊரிலிருந்து தனியே நடந்தார்கள். அவர்கள் சொன்னவற்றில் சில.

காலை ஆறரை மணிக்கு நடை தொடங்கும். ஐந்து கிலோமீட்டர் கடந்த பின்பே காப்பி. எதிர்ப்படுகிறவர் எல்லாரும் 'புவேன் காமினோ' என்பார்கள். 'உன் வழி நல்லதாகட்டும்' என்று பொருள். முதல் நாள் இரவு போர்த்தோமரீன் என்ற ஊர். 1960-களில் அணை கட்டியபோது பழைய ஊர் நீரில் மூழ்கியது. மக்கள் தங்கள் கோவிலைக் கல் கல்லாகப் பிரித்து எண் இட்டு, மேட்டில் மீண்டும் கட்டிவிட்டார்கள். அக்கற்களில் சில எண்களை இன்றும் காணலாமாம்.

மூன்றாம் நாள் நல்ல மழை. சித்தி சென்று சேர்வதற்குள் பொது அல்பெர்கே நிறைந்துவிட்டது. மொழி தெரியாது, இருட்டிக்கொண்டு வருகிறது. அங்கிருந்த தொண்டர் அம்மாள் 'இடமில்லை' என்று கதவைச் சாத்திவிடவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, அடுத்தடுத்த இடங்களுக்குத் தொலைபேசியில் பேசினார். நான்காவது அழைப்பில் மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு கட்டில் கிடைத்தது. அங்கே போய்ச் சேர்ந்தபோது, அவ்வீட்டுக்காரர் கையேட்டைக் கேட்கும் முன் ஒரு கிண்ணம் சூடான சூப்பைத்தான் நீட்டினாராம். "பெயர் கூடக் கேட்கவில்லை, நனைந்திருக்கிறேன் என்பதை மட்டும் பார்த்தார்" என்று சித்தி சொன்னார்கள்.

இதையும் சொல்ல வேண்டும். சித்தி தனியே போனது பாட்டிக்குப் பிடிக்கவில்லை. ஒரு மாதம் வரை தொலைபேசியில் பேசவே வரவில்லை. "பொம்பளப் பிள்ளை, முகம் தெரியாத ஊருல, ராத்திரி யார் வீட்டுல படுத்தாளோ?" என்பதே பாட்டியின் கேள்வி. அது கோபம் அன்று, பயம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பயத்துக்குச் சரியான பதில் சொல்லாமல் இக்கட்டுரை முழுமை பெறாது.

பெண்கள் தனியே போகலாமா?

அண்மை ஆண்டுகளில் சான்றிதழ் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். அவர்களுள் பலர் தனியே புறப்பட்டவர்கள். ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்வதும் சரியன்று. 2015-ஆம் ஆண்டு அஸ்தோர்கா என்ற ஊருக்கு அருகே தனியே நடந்த ஒரு பெண் யாத்திரிகர் கொலை செய்யப்பட்டார். குற்றவாளி அதே ஆண்டில் பிடிபட்டான்; பின்னர் தண்டிக்கப்பட்டான். அதன் பின் பாதையில் காவலர் ரோந்து அதிகரித்தது. ஸ்பெயின் அரசின் 'அலர்ட்காப்ஸ்' என்னும் கைப்பேசிச் செயலி மூலம், நாம் இருக்கும் இடத்தைக் காவல்துறைக்கு உடனே தெரிவிக்கலாம். ஐரோப்பா முழுவதும் அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

சித்தி கடைப்பிடித்த முறைகள் இவை:

1. அன்றன்று தங்கும் ஊரின் பெயரை வீட்டில் ஒருவருக்குக் காலையிலேயே தெரிவிப்பது.
2. பிற்பகல் மூன்று மணிக்குள் தங்குமிடம் சேரப் பார்ப்பது. நேரம் கழித்துப் போனால் படுக்கையும் இராது, வெளிச்சமும் இராது.
3. ஆள் நடமாட்டம் இல்லாத பகுதியில் வேறு யாத்திரிகர்களின் கண்பார்வையில் நடப்பது. பேச விருப்பமில்லாவிட்டாலும் இருபதடி பின்னால் போகலாம் அல்லவா?
4. கடவுச்சீட்டையும் பணத்தையும் குளிக்கும்போதும் கூடவே வைத்திருப்பது.
5. மனத்துக்குச் சரியாகப் படாத இடத்தில், இலவசமாகக் கிடைத்தாலும், தங்காதிருப்பது. இதற்குக் காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.
6. பையின் எடை நம் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. இரண்டு சோடி உடை, ஒரு துண்டு, மெல்லிய படுக்கைப் பை போதும்.

நம் நாட்டிலிருந்து செல்ல

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் 'ஷெங்கன்' விசா பெற வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடும், தங்குமிடச் சான்றும், செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்றும் வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. பொது அல்பெர்கேக்கள் முன்பதிவு தருவதில்லை. தூதரகமோ தங்குமிடச் சான்று கேட்கிறது. ஆகவே விண்ணப்பிக்கும் போது முன்பதிவு ஏற்கும் தனியார் இடங்களைத்தான் நாட வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். 6 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினெட்டு வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் தேவை. ஆகவே பதினைந்து வயதான நாம் இப்போதைக்கு வரைபடத்தில்தான் நடக்க முடியும்!

சந்தியாகப்பர் திருநாளாகிய ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டைப் புனித ஆண்டாகக் கொண்டாடுகிறார்கள். 2021-க்குப் பிறகு அப்படி வரும் ஆண்டு 2027. அத்தகைய ஆண்டுகளில் கூட்டம் மிகும் என்பதால் படுக்கை கிடைப்பது கடினமாகும்.

நாம் செய்யக்கூடியது

பாட்டியின் கேள்வி தவறானதன்று. அதற்கு 'போகக் கூடாது' என்பது மட்டுமே பதிலாக இருக்க வேண்டியதில்லை. எந்த ஊர், எந்த வீடு, யார் நடத்துவது, எத்தனை மணிக்குக் கதவு சாத்துவார்கள் என்று விசாரித்தறிவதும் ஒரு பதில்தான். பெற்றோர் இப்படிக் கேட்டால், பிள்ளைகளும் மறைக்காமல் சொல்வார்கள். ஸ்பெயினுக்குப் போவதற்கு முன், பக்கத்து மாவட்டத்தில் நடக்கும் முகாமுக்குப் போகவும் இதே விசாரணை பயன்படும். சித்தி தம் கையேட்டை முத்திரைகளோடு பாட்டிக்கு அனுப்பி வைத்தார்கள். பாட்டி மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, "இது எந்த மடம், இங்க சிஸ்டர்மார் இருந்தாங்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இப்பொழுது தொலைபேசியில் பேசுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு, தோழியரே. தங்குமிடம் தேடுபவர் இருக்கிற இடத்தில் தங்குமிடம் கொடுப்பவரும் இருந்தாக வேண்டும். ஒவ்வோர் ஆகஸ்ட் மாதக் கடைசியிலும் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோரை நாம் சாலையில் பார்க்கிறோம். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள். இரவில் பள்ளித் திண்ணையிலும் கோவில் வளாகத்திலும் படுக்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்போர் பலர். ஆனால் அப்பெண்களுக்குப் பூட்டுள்ள குளியலறையும், வெளிச்சமுள்ள ஓர் அறையும் எத்தனை ஊரில் கிடைக்கின்றன? நம் பள்ளிக் கூடமே விடுமுறை நாட்களில் ஓரிரவு அவர்களுக்குத் திறந்தால் எப்படி இருக்கும்? நாம் சூப் காய்ச்ச வேண்டாம்; சுக்குக் காப்பி போதும். அருட்சகோதரிகள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கூட்டிப் பெருக்க எங்கள் வகுப்பு முன்வரும்.